டீசல் டேங்க்கைச் சுற்றி உப்பு ஈரமா?

படகின் டீசல் டேங்க்கின் மேல் படியும் கடல் உப்பு எளிதில் உலராது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும் போதாது. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டுத்தான் உலர விட வேண்டும். டேங்க்கின் அடிப்பகுதியும் அதை இறுக்கும் பட்டையின் உட்புறமும் கண்ணில் படாத இடங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஈரம் உறிஞ்சும் பலகை, ஸ்பாஞ்சு ஆகியவற்றின் மேல் டேங்க் நேரடியாக உட்காரக் கூடாது. அடியில் காற்றோட்டம் அவசியம்.

மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிடலாம். காற்றுக்குழாயின் வாய், அலைநீர் புகாதபடி உயரத்தில் கீழ்நோக்கி வளைந்திருப்பது நல்லது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பாதி காலியாகக் கிடக்கும் டேங்க்கின் உட்சுவர் இரவில் குளிர்ந்து வியர்க்கும். டீசலைவிடக் கனமான அந்த நீர் அடியில் தங்க, நுண்ணுயிர்கள் பெருகிக் கசடு சேர்ந்து ஃபில்டரை அடைக்கும். டீசல் விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, டேங்க்கை நிரப்பி வைப்பதே இதற்குச் சிறந்த காப்பு. தடைக்காலம் முடிந்ததும் எஞ்சினை இயக்குமுன் அடிவால்வைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் பிரிந்து நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். நீர்பிரிப்பு ஃபில்டரின் கிண்ணத்தையும் அப்போதே காலி செய்யலாம். வடித்ததைக் கடலில் கொட்டவே கூடாது.