நர்ஸ் வேலை: பொம்மசந்திராவில் சம்பளம் எப்படி?

கேள்வி: மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாள். பொம்மசந்திராவில் வேலை கிடைக்குமா? சம்பளம் கட்டுப்படியாகுமா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: வேலைக்குப் பஞ்சமில்லை அம்மா, நாராயணா ஹெல்த் சிட்டியே அங்கேதான் இருக்கிறது. சம்பளம்தான் இழுபறி. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும், 50-க்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதானே, பல இடங்களில் ஏட்டோடு சரி. பொம்மசந்திரா கர்நாடகத்தில் இருப்பதால், மகள் தமிழ்நாட்டில் பதிந்திருந்தாலும் கர்நாடக நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். பி.எஃப்., விடுதிப் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், நைட் டியூட்டிக்குத் தனிப்படி உண்டா என்று நேர்காணலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பாண்டு (குறிப்பிட்ட காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம்.