பிள்ளை கைக்கு வரும் நாளில் விடுப்பு தொடங்கும்

மனிதவளப் பிரிவில் நான் வேலை பார்த்த நாட்களில், ஒரு மாலை ஆறு மணிக்கு மேல் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் செல்போன், திரையில் எங்கள் நிறுவனத்தின் விடுப்பு விண்ணப்பம். "இதுல என்ன போடறதுன்னே தெரியல மேடம்" என்றார். கடைசி மாதவிலக்குத் தேதி, கர்ப்ப வாரம், டாக்டர் சொன்ன பிரசவத் தேதி, ஸ்கேன் ரிப்போர்ட் என நான்கு கட்டங்கள். நான்கிலும் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவருடைய குழந்தையோ வேறொரு பெண்ணின் வயிற்றில் ஏழாவது மாதத்தில் இருந்தது.

அன்று நான் ஒரு தப்பு செய்தேன். சுமக்கிற பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டையே ஏற்றச் சொன்னேன். மென்பொருள் அதை வைத்துக் கணக்குப் போட்டு, பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே விடுப்பைத் தொடங்கிவிட்டது. சம்பளப் பிரிவு அதைப் பிடித்தது. எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி எழுதினோம். அதற்குள், அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் நான்கு மேசைகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி. 'வாடகைத் தாய்' என்றே எல்லோரும் சொல்கிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 தடுப்பதே வாடகையைத்தான். சுமக்கும் பெண்ணுக்கு மருத்துவச் செலவும் காப்பீடும் தரலாம், சம்பளம்போல எதுவும் தரக்கூடாது. பணம் பேசி ஏற்பாடு செய்யும் தம்பதிக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஏற்பாடு செய்து தரும் மருத்துவமனைக்கும் இடைத்தரகருக்கும் 10 ஆண்டு, 10 லட்சம் வரை போகும். "கையில கொஞ்சம் கொடுத்துட்டா முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்கு இந்த வழி திறந்திருக்கிறது? மனைவிக்கு 23 முதல் 50 வயதும் கணவருக்கு 26 முதல் 55 வயதும் உள்ள, உயிருடன் குழந்தை இல்லாத, திருமணமான தம்பதிக்கு. கடும் குறைபாடோ உயிருக்கு ஆபத்தான நோயோ உள்ள குழந்தை இருந்தால் விலக்கு உண்டு. 35 முதல் 45 வயதுள்ள, கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணும் விண்ணப்பிக்கலாம். திருமணமாகாத பெண், தனி ஆண், சேர்ந்து வாழ்வோர், தன்பாலினத் தம்பதியர் யாருக்கும் இடமில்லை. இது சரியா என்ற வாதம் தனி. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் விண்ணப்பம் கொடுக்கும்போது இன்றைய சட்டம்தான் பேசும். சட்டம் வருவதற்கு முன்பே கருமுட்டையைச் செயற்கைக் கருவாக்கி உறையவைத்திருந்த தம்பதிகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. அந்த வரிசையில் இருப்பவர்கள் மட்டும் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அலுவலக விஷயம். மகப்பேறு பலன் சட்டம் 1961-இல் 2017-இல் செய்த திருத்தம்தான் இந்தத் தாய்மார்களை முதன்முதலாக எழுத்தில் ஏற்றது. குழந்தையைக் கையில் ஒப்படைக்கும் நாளிலிருந்து 12 வாரம், முழுச் சம்பளத்தோடு. 2025 நவம்பர் 21 அன்று அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 வந்தது. அதிலும் இதே 12 வாரம்தான். பெற்றெடுத்தவருக்கு 26, உங்களுக்கு 12. பச்சைக் குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலுக்கு அழுவதில் இரு வீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, சட்டம் மட்டும் வித்தியாசம் பார்க்கிறது. இருப்பதை முழுசாக வாங்குவதுதான் இப்போதைக்கு நம் கையில் இருக்கிறது.

நிபந்தனைகள் இரண்டு. கடை, அலுவலகம் என்றால் 10 பேராவது வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் நீங்கள் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் பிடித்தம் போகிறதென்றால், இந்த 12 வாரப் பணத்தை முதலாளி தரமாட்டார், இ.எஸ்.ஐ. தரும். கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு அனுப்புவது சட்டவிரோதம். இந்தப் பலன்களைப் பற்றி, வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. உங்கள் நியமனக் கடிதத்தோடு வந்த காகிதக் கட்டைப் புரட்டிப் பாருங்கள், அநேகமாக 26 வாரத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி இருக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிறைய பேர் தெரியாமல் விழுகிறார்கள். விடுப்புச் சட்டத்தின் விளக்கத்தில், 'தன் கருமுட்டையைக் கொடுத்த உயிரியல் தாய்' என்றுதான் எழுதியிருக்கிறது. தானமாக வந்த கருமுட்டையில் உருவான குழந்தை என்றால்? 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு தானத்துக்கே தடை போட்டது. உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்த பிறகு, 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தந்தால் கணவன் மனைவி இருவரில் ஒருவருடையது தானமாக இருக்கலாம் என்றது. ஆக, வாடகைத்தாய் விதி கதவைத் திறந்துவிட்டது, விடுப்பு விளக்கம் பழைய இடத்திலேயே நிற்கிறது. நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு மறுத்தால், வாடகைத்தாய் சட்டத்தைக் காட்டுங்கள். பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால், கருமுட்டை யாருடையது என்ற விவரத்தை விடுப்புக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். மேலாளருக்கு அது தேவையில்லாத செய்தி.

ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2024 ஜூன் மாதம் திருத்திய விடுப்பு விதிகளில், குழந்தையைப் பெற விரும்பி ஏற்பாடு செய்தவரே தாய் என்று எழுதிவிட்டார்கள். அவருக்கு 180 நாள். சுமந்தவர் அரசு ஊழியராக இருந்தால் அவருக்கும் 180 நாள். தந்தைக்கு, குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் 15 நாள். இரண்டு குழந்தைக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனை உண்டு. தமிழ்நாடு அரசு 270 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகிறது. மாநில அரசு ஊழியர்கள் அரசாணையின் நகலை எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். சில அலுவலகங்களில் எழுத்தருக்கே அது தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். தனியார் நிறுவனத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. நிறுவனம் தன் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

எழுத்தில் விதியே இல்லாத காலத்திலும் இதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2013 மார்ச்சில், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக ஊழியர் ஒருவரின் வழக்கில் நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார். வாடகைத்தாய் வழி வந்த குழந்தைக்கு விடுப்பு தர விதியில் இடமில்லை என்பது கழகத்தின் வாதம். தத்தெடுத்தவருக்கு விடுப்பு கொடுக்கிறீர்கள், அதன் நோக்கம் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே பிணைப்பு ஏற்படுவதுதானே, அப்படியானால் இவருக்கும் கொடுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். குழந்தையின் பெயரை மருத்துவ அட்டையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. 2015-இல் கேந்திரிய வித்யாலயா ஆசிரியை ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், அதன் பிறகு ராஜஸ்தான், ஒடிசா உயர் நீதிமன்றங்களும் இதே பக்கம் நின்றன. உங்கள் நிறுவனத்தில் 'கொள்கையில் இல்லை' என்று பதில் வந்தால், சென்னைத் தீர்ப்பின் நகலை வைத்துப் பேசுங்கள்.

அந்த மருத்துவ அட்டை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குழுக் காப்பீட்டில் புதுக் குழந்தையின் பெயரைச் சேர்க்கப் பல நிறுவனங்களில் நாள் கெடு உண்டு. விடுப்பு அலைச்சலில் அதை விட்டுவிடுவார்கள். குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் ஒரு நாள் செலவே ஒரு மாதச் சம்பளத்தைத் தின்னும்.

இன்குபேட்டர் என்றதும் இன்னொன்று. விடுப்பு தொடங்குவது பிறந்த நாளில் அல்ல என்று சொன்னேன். குழந்தை 34-ஆவது வாரத்தில் பிறந்து பதினைந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தால், கையில் வந்த நாள் எது? மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையை யாரிடம், எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள் என்று ஒரு வரி இருக்கட்டும். கேட்டு எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியை எடுத்துக்கொண்டு அலுவலகம் கணக்குப் போட்டால், இந்த ஒரு வரிதான் உங்கள் பதினைந்து நாளைத் திருப்பிக் கொடுக்கும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, மருத்துவமனைக் கோப்பும் அலுவலகக் கோப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதலாவதில் மாவட்ட மருத்துவ வாரியத்தின் மருத்துவக் காரணச் சான்று, உரிய அதிகார அமைப்பு தரும் தகுதிச் சான்றும் தேவைச் சான்றும், சுமக்கும் பெண்ணுக்கான 36 மாதக் காப்பீட்டுப் பத்திரம், முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தின் பெற்றோர் உரிமை உத்தரவு எல்லாம் இருக்கும். இந்த நீதிமன்ற உத்தரவுதான் குழந்தை பிறந்த பின் பிறப்புக்கான உறுதிமொழிப் பத்திரமாகவும் செல்லும். அலுவலகத்துக்கு இதில் இரண்டு போதும்: நீதிமன்ற உத்தரவின் நகல், குழந்தையை ஒப்படைத்த கடிதம். கர்ப்பப்பையில் என்ன கோளாறு, எத்தனை முறை ஐ.வி.எஃப். தோற்றது என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் ஏற வேண்டாம்.

2022 அக்டோபரில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது தமிழ்நாடே ஒரு வாரம் இந்தச் சட்டத்தைப் படித்தது நினைவிருக்கும். அரசு விசாரணைக் குழு தம்பதியர் விதியை மீறவில்லை என்றது. குறை சொன்னது மருத்துவமனை ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்காததை. பிரபலங்களுக்கே அந்த நிலைமை. ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு நகல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

மேலாளரிடம் எப்போது சொல்வது? கரு பதிந்த மறுநாளே சொல்லாதீர்கள். நிற்காமலும் போகலாம், பிறகு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. ஐந்தாவது மாத ஸ்கேன் முடிந்த பிறகு மனிதவளப் பிரிவில் ஒருவரிடம் மட்டும் பேசி, அன்றே மின்னஞ்சலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: இன்ன மாதத்தில் குழந்தை எங்களிடம் வரும், ஒப்படைக்கும் நாளிலிருந்து 12 வாரம் விடுப்பு வேண்டும், தேதியைப் பிறகு உறுதி செய்கிறேன். அவ்வளவு போதும். அதற்கு முன்பு, கருமுட்டை எடுக்கும் கட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசியும் காலை நேர ஸ்கேனும் இருக்கும், எடுக்கும் அன்று மயக்க மருந்து. இதற்கென்று தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. தற்செயல் விடுப்பை முன்பே மிச்சம் பிடித்து வையுங்கள். கணவரும் மிச்சம் பிடிக்கட்டும், நீதிமன்றத்துக்கும் மருத்துவ வாரியத்துக்கும் இருவருமாக அலைய வேண்டியிருக்கும்.

சுமக்கும் பெண்ணையும் மறக்காதீர்கள். அவரும் எங்கோ வேலை பார்ப்பவராக இருக்கலாம். 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சம்மதிக்கலாம். கரு வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் அவர் மனம் மாறலாம், அது அவர் உரிமை. பெற்றெடுப்பவர் அவர்தான் என்பதால் மகப்பேறு விடுப்பு அவருக்கும் உண்டு என்பதே என் வாசிப்பு. அவருடைய முதலாளியிடம் பேச உங்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளில் 'குழந்தை கைக்கு வந்த தேதி' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தினக்கூலிக் கணக்கில் சம்பளம் வாங்குவோருக்கு. 12 வாரம் என்றால் வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 72 நாள் என்று கணக்கு எழுதும் இடங்கள் இருக்கின்றன. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. மகப்பேறுப் பலனில் ஒரு வாரம் என்றால் ஞாயிறும் சேர்த்து ஏழு நாள். உங்களுக்கு வர வேண்டியது 84 நாள் பணம். எண்ணி வாங்குங்கள்.