தேர்வுக் காலமும் யோக சாதனையே

1931-இல் நடந்த லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பிய பண்டித மதன்மோகன் மாளவியா, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது போன்ற மாபெரும் நூலகம் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அமைய விரும்பினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் கொடையால் 1941-இல் அது உருப்பெற்றது. காசியில் மட்டுமன்று, நாடெங்கும் தேர்வு நாள்களில் பல்கலைக்கழக நூலகங்கள் தவச்சாலைகளாகவே மாறிவிடுகின்றன. அங்கே அமரும் மாணவன் பாடத்தோடு தன்னையும் பயில முடியும். எவ்வாறு?

மனத்தை மீட்டல்

நூல் விரிந்திருக்கிறது, கண்கள் வரிகளின்மேல் ஓடுகின்றன, மனமோ எங்கெங்கோ திரிகிறது. மனம் காற்றைப்போல் அடக்குவதற்கு அரியது என்று முறையிட்ட அர்ஜுனனுக்குப் பயிற்சி, பற்றின்மை என்னும் இரு வழிகளைக் காட்டினார் கண்ணபிரான் (கீதை, ஆறாம் அத்தியாயம்). ஓடிய மனத்தைச் சலிப்பின்றி அதே பக்கத்திற்கு அழைத்து வருவது பயிற்சி. செல்போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுவது பற்றின்மை.

கேட்டலும் சிந்தித்தலும்

சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்பவை யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசித்த ஆத்ம ஞானப் படிகள். கல்விக்கும் அவை ஒளி தரும். நம் மாணவர்களில் பலர் முதற்படியிலேயே நின்று, படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். மனனம் என்பது வெறும் மனப்பாடமன்று. ஐயம் அகல ஆராய்வது. ஆகவே நூலை மூடுங்கள். 'இது ஏன்? எப்படி?' என்று உங்களையே வினவி விடை எழுதிப் பாருங்கள். இரவில் உரிய நேரம் உறங்குங்கள். மிகுதியாக உறங்குபவனுக்கும் அறவே உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் எச்சரிக்கை. கற்றது நினைவில் நிலைபெறவும் உறக்கம் துணைசெய்கிறது.

அலமாரியருகே ஒரு தேர்வு

பலரும் தேடும் நூல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது தனக்கே கிடைக்க வேண்டும் என்று வேறு அலமாரியில் ஒளித்து வைப்பவர் உண்டு. வேண்டிய பக்கங்களைக் கிழித்துச் செல்பவரும் உண்டு. பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக வைத்த அஸ்தேயம், அதாவது கள்ளாமை, இங்கேதான் சோதிக்கப்படுகிறது. தேவர்கள் அளித்ததை அவர்களுக்குப் படைக்காமல் தானே துய்ப்பவனைக் கள்வன் என்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் இருக்கிறார். அலமாரியருகே மனச்சாட்சி ஒன்றே இருக்கிறது. நாளை மருத்துவராகவோ நீதிபதியாகவோ அமரப்போகும் ஒருவரின் குணம் அந்த ஒரு கணத்தில் உருவாகிறது.

அச்சம் வேண்டா

'தோற்றுவிட்டால் என் கதி என்ன?' இவ்வச்சம் பல இளம் உள்ளங்களை வாட்டுகிறது. யோகத்தில் வெற்றி காணாதவன் சிதறிய மேகம்போல் அழிந்துவிடுவானோ என்று அர்ஜுனனும் கேட்டான். நன்மை செய்பவன் எவனும் கேடுறுவதில்லை என்று பகவான் உறுதியளித்தார். யோகியைக் குறித்துச் சொன்ன அவ்வுறுதி, நேர்மையாக உழைக்கும் மாணவனுக்கும் ஆறுதலே. மதிப்பெண் ஒரு பருவத்தின் உழைப்பை அளக்கலாம், மனிதனை அளக்காது. மனம் தாங்காதபோது தனித்து இராதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நண்பரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். பெற்றோர்களே, தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் முதலில் 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள்.

சிந்தனைக்கு

1. இன்று படித்தவற்றுள் நூலைப் பாராமல் எவற்றை விளக்க இயலும்?
2. நான் எடுத்த நூலை அடுத்தவருக்குக் கிடைக்கும்படி உரிய இடத்தில் சேர்த்தேனா?
3. என் கையில் இருப்பது முயற்சியா, முடிவா?