கடைப் படப்பிடிப்புக்கு அகலத் துணி: அளந்து கேட்பது எப்படி?



இன்று மளிகைக் கடை வாடிக்கையாளர்களில் பலர் கடைக்கு வருமுன்பே கைப்பேசியில் சரக்கைப் பார்த்துவிடுகின்றனர். புது அரிசி, பண்டிகைக் காலத் தொகுப்பு, சொந்தத் தயாரிப்பான மசாலாப் பொடி என எதுவானாலும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் சிறு கடைகளுக்கும் வந்துவிட்டது. இதற்கு ஸ்டுடியோ தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆனால், பின்னால் தெரியும் அட்டைப்பெட்டியும், தொங்கும் ஒயரும், பழைய காலண்டரும் நல்ல சரக்கையும் மட்டமாகக் காட்டிவிடும். இவற்றை மறைக்கத்தான் பின்திரை.

பின்திரை வாங்கப் போகிறவர் ஜவுளிக் கடையில் "அகலமான துணி வேண்டும்" என்கிறார். கடைக்காரர் 44 அங்குலத்தையும் 58 அங்குலத்தையும் எடுத்துப் போட்டு, "இதற்கு மேல் வராதுங்க" என்கிறார். வந்தவர் இரண்டு துண்டு வாங்கி இணைத்துத் தைக்கிறார். படத்தில் நட்டநடுவே தையல் கோடு விழுகிறது. அதே கடையின் போர்வை அலமாரியில் 90 அங்குலத் துணி கிடந்திருக்கலாம். கேட்டவர் அளவைச் சொல்லவில்லை. விற்றவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஒருவருக்குப் பணம் வீண். மற்றவருக்கு வியாபாரம் போயிற்று. இதைத் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. அகலம் எங்கே முடிவாகிறது?

துணியின் நீளத்தை நாம் விரும்பியபடி வெட்டிக்கொள்ளலாம். அகலத்தை, அதாவது பன்னாவை, தறிதான் தீர்மானிக்கிறது. முற்காலத்தில் நெசவாளி நாடாவை ஒரு கையால் வீசி மறு கையால் பிடிப்பார். அவர் கை எட்டும் தூரமே துணியின் அகலம். அதைவிட அகலமாக நெய்ய இன்னொருவர் துணைக்கு அமர வேண்டும். 1733ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பின்னரே ஒருவர் தனியாக அகலத் துணி நெய்ய முடிந்தது. இன்று விசைத்தறி வந்தபின்பும் தறியின் அகலத்தைத் தாண்டித் துணி வராது.

உடலில் உடுத்தும் துணிக்குப் பெரிய பன்னா தேவையில்லை. கட்டிலை மூடும் துணிக்குத்தான் அது தேவை. ஆகவே பின்திரைக்கு சட்டைத் துணிப் பிரிவில் தேடாமல், படுக்கை விரிப்புத் துணிப் பிரிவில் தேட வேண்டும். 90 அங்குலம், 108 அங்குலம் என அங்கே கிடைக்கும். கரூரும் சென்னிமலையும் விரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தை, சென்னை கோடவுன் தெரு, மதுரை விளக்குத்தூண் பகுதி ஆகிய மொத்தக் கடைத் தெருக்களிலும் விசாரிக்கலாம்.

2. எவ்வளவு வேண்டும்?

கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள். கைப்பேசியைப் படமெடுக்கும் இடத்தில் நிறுத்தி வீடியோவைத் திறந்து, திரையின் இரு ஓரங்களிலும் தெரியும் இடத்தைச் சுவரில் சாக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். அந்த அகலத்துடன் பக்கத்துக்கு அரை அடி சேருங்கள். உயரத்துக்கும் அவ்வாறே.

உத்தேசக் கணக்கும் உண்டு. பெரும்பாலான கைப்பேசிகளைப் படுக்கைவாக்கில் பிடித்தால், சுவர் இருக்கும் தூரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு அகலம் படத்தில் விழும். பேசுபவர் கைப்பேசியிலிருந்து 4 அடி, திரை அவருக்குப் பின்னால் 3 அடி, ஆக 7 அடி என்று வைத்துக்கொள்வோம். படத்தில் விழுவது சுமார் 9 அடி அகலம், 5 அடி உயரம். ஓரம் சேர்த்து 10க்கு 6 அடி வேண்டும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் இது அப்படியே மாறி, 6 அடி அகலமும் 10 அடி உயரமும் தேவைப்படும்.

3. திருப்பிப் போடும் வழி

90 அங்குலம் என்பது 7.5 அடி. இதில் 3.5 மீட்டர் வாங்கினால் நீளம் ஏறத்தாழ 11.5 அடி. நிமிர்ந்த படத்துக்குத் துணியை நீளவாக்கில் தொங்கவிடுங்கள், 7.5 அடி அகலம் தாராளம். படுக்கைப் படத்துக்கு அதே துணியைக் குறுக்கே திருப்பிக் கட்டுங்கள். நீளம் அகலமாகி 11.5 அடி கிடைக்கும், பன்னா உயரமாகிவிடும். ஒரே துணி இரண்டுக்கும் பயன்படும், தையலும் இல்லை. இன்னும் நீளமான திரை வேண்டுமானால் கூடுதல் மீட்டர் வெட்டினால் போதும்.

மசாலாப் பொட்டலம், எண்ணெய்ப் புட்டி போன்றவற்றை மட்டும் மேசையில் வைத்து அருகிலிருந்து எடுப்பவர்களுக்கு இத்தனை அகலம் தேவையே இல்லை. 44 அங்குலத் துணியைச் சுவரிலிருந்து மேசைவரை வளைத்து விரித்தால் போதுமானது.

4. விலையை எப்படி ஒப்பிடுவது?

மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பேச்சுக்கு, 44 அங்குலத் துணி மீட்டர் ரூ.60, 90 அங்குலத் துணி மீட்டர் ரூ.115 என்போம். முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் அதில் இரண்டு நீளம் இணைக்க 7 மீட்டர் வேண்டும், ரூ.420 ஆகும், தையல் கூலி தனி. இரண்டாவது 3.5 மீட்டருக்கு ரூ.402.50 மட்டுமே. மீட்டர் விலையைப் பன்னா அங்குலத்தால் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு.

5. நிறம்

படமெடுப்போர் பச்சைத் திரை வாங்கச் சொல்வார்கள். கைப்பேசிக் கேமராவில் பச்சை ஒளியை உணரும் புள்ளிகள், சிவப்பு அல்லது நீலப் புள்ளிகளைப் போல் இருமடங்கு இருப்பது வழக்கம். ஆகவே பச்சையைப் பிரித்தெடுத்து, அங்கே வேறு காட்சியைப் பொருத்துவது எளிது. ஆனால் மளிகைக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. பச்சைப்பயறு, கொத்தமல்லி, கறிவேப்பிலை, வாழையிலை எல்லாம் திரையோடு சேர்ந்து காணாமல் போகும். பின்னணியை மாற்றும் எண்ணம் இருந்தால் நீலத் திரை வாங்குங்கள். மாற்றப் போவதில்லை என்றால் சாம்பல் நிறமே உத்தமம். வெள்ளைத் துணியின் முன் அரிசியும் சர்க்கரையும் எடுபடா.

6. வாங்கும்போது கவனிக்க

பளபளப்பு: சாட்டின் போன்ற துணியும் பிளெக்ஸ் பேனரும் குழல்விளக்கு ஒளியைத் திருப்பி அடிக்கும். மங்கலான பருத்தித் துணியே நல்லது.

அடர்த்தி: துணிக்குப் பின் கையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் சுவரும் தெரியும்.

மடிப்பு: அகலத் துணியை இரண்டாக மடித்தே சுற்றியிருப்பார்கள். நடுமடிப்புக் கோடு தேய்த்தால் போகுமா என்று கேளுங்கள்.

சுருக்கம்: பருத்தி நனைத்தால் சுருங்கும். கால் மீட்டர் கூடுதலாக வாங்கி, ஒருமுறை நனைத்துக் காயவைத்த பின்பே ஓரம் தையுங்கள்.

இணைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முழுப் பன்னாவை நடுவில் வைத்து, இன்னொன்றை இரண்டாகக் கிழித்து இருபுறமும் இணையுங்கள். தையல் பேசுபவரின் முகத்துக்கு நேராக வராது.

7. கேட்கும் முறை

"அகலமான துணி" என்று பொதுவாகக் கேட்காமல், "சாம்பல் நிறம், பருத்தி, பன்னா 90, மூன்றேமுக்கால் மீட்டர், வீடியோவுக்குப் பின்னால் கட்ட" என்று கேளுங்கள். கடைக்காரரின் கை தானாகவே சரியான அலமாரிக்குப் போகும்.

ஜவுளி வணிகம் செய்யும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சுருளிலும் விலையோடு பன்னாவையும் எழுதி ஒட்டுங்கள். "அகலமாக இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று சொல்லுமுன் "எதற்குங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில், போகவிருந்த வியாபாரம் கடையிலேயே நிற்கும்.