மதுநோயும் மணிக்கட்டுக் கருவியும்

வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை என்பனவும் அவ்வாறே எதிர்மறைப் பெயரால் அமைந்தவை. இலக்கண வகுப்பிலே இவற்றை எதிர்மறைத் தொழிற்பெயர் என்று கற்பித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். ஆனால், மதுவிற்கு அடிமையாகிப் பின் அதனை விட முயலும் ஒருவனுக்கு அவ்வெதிர்மறையே பெருந் தொல்லையாய் முடிகின்றது. உழுதவன் மாலையிலே தான் உழுத வயலைக் காட்டலாம். எழுதியவன் எழுதிய ஏட்டைக் காட்டலாம். குடியாதிருந்தவன் எதனைக் காட்டுவான்? நாள் முழுவதும் தன்னோடு தான் பொருது வென்றிருப்பினும், அவ்வெற்றி பிறர் கண்ணுக்குப் புலப்படாது. பல வேளைகளில் அவன் கண்ணுக்குமே புலப்படாது.

இக்குறையைத் தீர்க்க எண்ணிக்கையைத் துணைக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. 1935 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே, குடியினால் நலிந்த இருவர், பங்குத் தரகரான பில் வில்சனும் சத்திரவைத்தியரான பொப் சிமித்தும், அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் சங்கத்தைத் தொடங்கினர். மதுவின்றிக் கழிந்த நாட்களை எண்ணி, ஒரு மாதம், ஓராண்டு என எல்லை கடந்தார்க்குச் சிறு வில்லை ஒன்றை வழங்கும் வழக்கம் அச்சங்கத்தாரிடையே பரவியது. இக்காலத்திலே அவ்வெண்ணும் தொழிலில் ஒரு பங்கை மணிக்கட்டில் அணியும் சிறு கருவி ஏற்றுக்கொண்டுள்ளது. அது நாட்களையன்றி அடிகளை எண்ணுகின்றது. அடியெண்ணுதற்கும் குடியை விடுதற்கும் உள்ள இயைபு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். தமிழாசிரியன் அவர்தம் துறையிற் கால் வைத்ததைப் பொறுத்தருள்வாராக.

கருவியின் வரலாற்றை முதலிற் காண்போம். 1965 ஆம் ஆண்டிலே யப்பானின் யமசா நிறுவனம் இடுப்பிற் செருகும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. மான்போ-கெய் என்பது அதன் பெயர். பத்தாயிர அடிமானி என்பது பொருள். நாளொன்றுக்கு 10,000 அடி நடத்தல் வேண்டும் என இன்று பலர் ஓதும் விதி அவ்விற்பனைப் பெயரிலிருந்து பரவியதேயாம். வைத்திய ஆராய்ச்சியின் முடிபாக எழுந்ததன்று. மணிக்கட்டுக் கருவிகளுட் பெயர்பெற்ற ஃபிட்பிட்டின் முதற் கருவி 2009 இல் வந்தது. அதுவும் அக்காலத்திலே உடையிற் செருகப்படுவதாகவே இருந்தது.

இன்றைய கருவியினுள்ளே மூன்று திசைகளிலும் ஆர்முடுகலை அளக்கும் நுண்பொறி ஒன்றுளது. நடக்கும்போது கை வீசப்படுவதால் ஒழுங்கான அலையொன்று தோன்றும். அவ்வலையைக் கொண்டு கருவி அடிகளைக் கணிக்கும். கருவியின் அடிப்புறத்திலே பச்சை ஒளி மினுங்குவதை மாணவர் கண்டிருப்பர். குருதி பச்சையொளியை உறிஞ்சும் இயல்பினது. நாடி துடிக்குந்தோறும் தோலின்கீழ்க் குருதி மிகுதலால், திரும்பிவரும் ஒளி குறையும். அவ்வேற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பு அறியப்படும். உறக்கத்தையோ அது நேரே அளப்பதில்லை. அசைவின்மையையும் நாடியின் போக்கையும் கொண்டு ஊகிக்கின்றது. அசையாது விழித்துக் கிடப்பவனை உறங்குபவனாகக் கொள்ளுதலும் உண்டு.

இனி உடலின் நிலையை நோக்குவாம். மது மூளையின் தொழிற்பாட்டைத் தணிக்கும். நெடுநாட் குடிப்பவனின் மூளை, அத்தணிப்பிற்கு எதிராகத் தன் கிளர்ச்சியைக் கூட்டி ஒருவாறு சமன்செய்துகொள்ளும். மது திடீரென நின்றால், தணிப்பு நீங்கிவிடக் கூட்டிய கிளர்ச்சி மட்டும் எஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளைக்குள் கைந்நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். முதலிரு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையிற் சிலர்க்கு மனத்தடுமாற்றமும் இல்லாதவற்றைக் காணும் மயக்கமும் உண்டாகி உயிருக்கே ஏதம் விளையும். ஆதலின், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வைத்தியர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. இதனை ஈண்டு அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. மனவுறுதி இருந்தால் நாளைக்கே விட்டுவிடலாமே என்று வீட்டார் கடிந்துரைப்பதைக் கேட்டிருக்கின்றோம். அச்சொல்லை மேற்கொண்டு அறையிலே தனித்துக் கிடப்பவனுக்குக் கையிலுள்ள கருவி காவலாகாது.

கருவிக்குரிய காலம் இந்நாட்கள் கழிந்த பின்னர் வருவது. அது பல மாதம் நீளும். உடல் தேறினும் உறக்கம் எளிதில் திரும்புவதில்லை, மனம் சோரும், வழக்கமாகக் குடித்த வேளை வந்ததும் வேட்கை எழும். இச்சோர்விலும் வேட்கையிலும் அகப்பட்டே பலர் மீண்டும் வீழ்கின்றனர்.

இவ்விடத்திலே அடியெண்ணும் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தோர், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிறவிடென்சிலுள்ள பட்லர் வைத்தியசாலையைச் சேர்ந்த அனா அப்ராண்டெஸ் என்பாரும் அவர் குழுவினருமாவர். மதுவிற்கு அடிமையாகி மனச்சோர்வும் உற்ற பெண்கள் 20 பேர் இம்முயற்சியிற் சேர்ந்தனர். 12 வாரம் அது நடைபெற்றது. தேகாப்பியாசசாலைக்குச் செல்லுமாறு அவர் கேட்கப்படவில்லை. அன்றாட வாழ்வோடு இயைந்த நடையே அவர்க்கு வகுக்கப்பட்டது. கருவி காட்டிய எண்ணைக்கொண்டு இலக்கு வைத்தனர். ஆலோசகர் இடையிடையே தொலைபேசியிற் பேசினர். இதில் மேலாகக் கருதத்தக்கது வேறொன்று: மனம் சோரும்போதும் வேட்கை எழும்போதும் அப்பொழுதே எழுந்து நடத்தலை ஒரு கைம்மருந்தாகப் பழக்கினர். பெரும்பாலான நாட்களில் அப்பெண்கள் கருவியை அணிந்திருந்தனர் என்பது 2017 இல் வெளியான ஆய்விற் காணப்படுகின்றது. ஆயினும், ஒப்புநோக்குதற்குக் கருவியில்லாத வேறொரு குழு அங்கு இல்லாமையால், கருவியே அவரைக் காத்தது என்று முடிபு செய்தல் பொருந்தாது. இத்தகைய முறை நடைமுறைக்கு ஏற்றது என்பதளவே அதனாற் பெறப்படும்.

வேட்கை வேளையில் உடலை அசைத்தல் பற்றி 2004 இல் இங்கிலாந்திலே மைக்கேல் அஷரும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மதுவை அண்மையில் நிறுத்தியோரைப் பத்து நிமிடம் மிதமான வேகத்திலே சைக்கிள் மிதிக்கச் செய்து வேட்கையை அளந்தனர். மிதிக்கும்போது வேட்கை தணிந்தது; இறங்கியபின் அத்தணிவு நிலைக்கவில்லை. இதனைக் குறையென்பார் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். வேட்கை அலைபோல் எழுந்து, உச்சியடைந்து, தானே தாழும் இயல்பினது. எழுந்த வேளையிலே பத்து நிமிடத்தைக் கடத்திவிடுதல் சிறு காரியமன்று.

யோகாசனம் பயிலும் நம் மாணவர்க்கு இன்னுமோர் ஆய்வைச் சொல்லலாம். சுவீடன் நாட்டு ஸ்ரொக்கோமில் மதுப்பழக்கம் நோயளவுக்கு முற்றிய 140 பேரை மூன்று குழுவாக்கி, ஒன்றிற்கு யோகப் பயிற்சியும், ஒன்றிற்கு மூச்சு வாங்கும் தேகாப்பியாசமும், ஒன்றிற்குத் தொலைபேசி ஆலோசனையும் 12 வாரம் அளித்தனர். 2022 இல் வெளியான முடிபின்படி மூன்று குழுவினரும் குடியைக் குறைத்தனர். குழுக்களிடையே பெரிய வேற்றுமை காணப்படவில்லை. யோகம் தோற்றது என்று இதனைக் கொள்வதா, ஆலோசனைக்கு நிகராக நின்றது என்று கொள்வதா என்பது வாசிப்பவர் மனத்தைப் பொறுத்தது.

கருவியை மிகுதியாகப் போற்றுவோர் 2016 இல் வெளியான பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வையும் நோக்குதல் வேண்டும். அது மதுவைப் பற்றியதன்று, உடற்பருமனைப் பற்றியது. 471 இளைஞரை இரண்டாண்டு கவனித்தபோது, கருவி அணிந்தோர் 3.5 கிலோவும், அணியாது தாமே குறிப்பெழுதியோர் 5.9 கிலோவும் எடை குறைந்தனர்! கருவி கையிலிருக்கின்றது என்ற நினைவிலே மனிதர் தம் கவனத்தைத் தளரவிடுதலும் கூடும் என்று எண்ண இடமுண்டு.

இதனோடு வைத்து மயங்கற்பாலதல்லாத வேறொரு கருவி உண்டு. குடித்த மதுவில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு தோல்வழியே வெளியேறும். அதனை எரிபொருட்கலத்தில் ஒட்சியேற்றி, எழும் மின்னோட்டத்தால் மதுவின் அளவை அறியலாம். இத்தகைய கருவி பற்றி அதே பிறவிடென்ஸ் நகரின் பிறவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் சுவிஃப்ற் முதலியோர் 1992 இல் எழுதினர். குருதியில் மது ஏறி ஒன்றிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பின்னரே தோல் அதனைக் காட்டும். அமெரிக்க நீதிமன்றங்கள் இதனைக் குற்றவாளியின் கணுக்காலிற் பூட்டுகின்றன. தென் டக்கோற்றா மாநிலத்திலே 2005 இல் தொடங்கிய திட்டத்தின்படி, குடித்து வாகனம் ஓட்டிப் பிடிபட்டோர் நாளிருமுறை மூச்சுச் சோதனைக்கு வரவேண்டும், அல்லது இதனை அணியவேண்டும். பிழைத்தால் உடனே சிறை. அதனாற் பயனும் உண்டாயிற்று. ஆயின், அது பிறர் ஒருவனைப் பார்க்கும் கண். மணிக்கட்டுக் கருவியோ அவன் தன்னைத் தான் பார்ப்பது. குடித்த இரவிலே உறக்கத்திலும் நாடி விரைந்து துடித்ததையும், விட்டபின் வாரங்கள் செல்லச் செல்ல அது தணிந்து வருவதையும் அவனே கண்டறிகின்றான். செய்யாமையின் பயன் இவ்வாறு கண்ணுக்குத் தெரியும் எண்ணாகின்றது.

இவ்வேற்றுமையை மறந்த வீட்டிலே கருவி கேடு செய்யும். மனைவியோ தாயோ மகனோ அவன் கைத்தொலைபேசியைத் திறந்து, ஏன் இன்று அடி குறைந்தது என்று வினவத் தொடங்கினால், மணிக்கட்டுக் கருவி கணுக்கால் விலங்காய் மாறிவிடும். கதிரையிலிருந்தபடியே கையை ஆட்டி எண்ணைக் கூட்ட அறியாதார் யார்? எனவே அவ்வேட்டை யார் பார்க்கலாம் என்பதை அணிபவனே முன்னதாகத் தீர்மானித்தல் முறை.

ஆலோசகராய் இருப்போர்க்கும் ஒன்று கூறலாம். ஏட்டிலே செவ்வாய்க்கிழமை 9,000 அடியும், வெள்ளிக்கிழமை 1,200 அடியும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டிச் சராசரி காண்பதிற் பயன் சிறிது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவன் எங்கிருந்தான், யாரோடிருந்தான் என்பதே கேட்கத்தக்கது. சில நாள் ஒன்றுமே பதிவாகாது. கருவி மேசை இலாச்சிக்குட் கிடந்திருக்கும். அவ்வெறுமைக்கு மின்கலம் தீர்ந்தமையும் காரணமாகலாம், குடியும் காரணமாகலாம். கடிந்து கேட்டால் இரண்டாவது வெளிவராது. மூன்று நாள் வெறுமையாய்க் கிடந்த ஏட்டிலே நாலாம் நாள் 400 அடி பதிவாயிருப்பின், பேச்சை அந்த 400 இலிருந்து தொடங்குவது நன்று.