கொள்ளுத்தாத்தாவைத் தேடும் வாசகிக்கு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும், பதக்கத்தின் விளிம்பைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளும் கிடைத்தன. குடியாத்தம் பக்கம் மானாவாரி நிலத்தில் கடலையும் கேழ்வரகும் விளைவித்தவர் உங்கள் கொள்ளுத்தாத்தா. முதல் உலகப் போருக்குப் போனார், திரும்பி வந்தார், பல வருஷம் கழித்து இறந்துபோனார். இதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போரில் பட்ட காயம்தான் கொன்றது என்கிறார் பெரியப்பா. கிணற்று மேட்டில் பாம்பு கடித்தது என்கிறார் ஆயா. எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். வட ஆற்காட்டில் இதே கேள்வியோடு பல குடும்பங்கள் இருக்கின்றன. வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் அளவுக்குப் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மண் அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: சிப்பாயை மட்டும் தேடாதீர்கள். அவர் பட்டாளத்தில் இருந்தது சில வருஷம், ஏர் பிடித்தது வாழ்நாள் முழுக்க. ராணுவம் அவரை ஒரு படை எண்ணாக எழுதி வைத்தது. வருவாய்த் துறை ஒரு சர்வே எண்ணோடு சேர்த்து எழுதி வைத்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் ஒரு முழு மனிதர் கிடைப்பார்.

பதக்கத்திலிருந்து வருவோம். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொறித்தே கொடுத்தார்கள். நீங்கள் அனுப்பிய தாளில் "சாப்பர்" என்ற பதவியும், "2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." என்ற எழுத்துகளும் தெளிவாக இருக்கின்றன. 2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்றைய மெட்ராஸ் என்ஜினியர் குரூப் அதுதான். அந்தப் படையினரை இன்றும் "தம்பி" என்றே அழைக்கிறார்கள். உங்களிடம் இருப்பது வெள்ளிப் பதக்கம். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அவர் கூலிப்படையிலோ சுமைப்படையிலோ போனவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேறு வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நட்சத்திர வடிவப் பதக்கமும் இருந்தால் அவர் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போய்விட்டார் என்று பொருள்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நம்பி இருக்காதீர்கள். ஒரே முனுசாமியை ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் பல விதமாக எழுதினார்கள். தகப்பன் பெயர் சில இடத்தில் முன்னால் வரும், சில இடத்தில் வரவே வராது. மாறாமல் நிற்பது படை எண்தான். அந்த எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். பென்ஷன் பெறாதவர்களின் தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவது ராணுவ வழக்கம் என்பதால் இல்லை என்ற பதில் வரலாம். அப்படி வந்தாலும் வழி அடைபடாது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற தொகுப்பில் இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் அந்தக் காலப் போர்க் குறிப்புகள் உண்டு. சாதாரண சிப்பாயின் பெயர் அவற்றில் அபூர்வமாகவே வரும். ஆனால் அவருடைய கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் நின்றது, என்ன வேலை செய்தது என்பது வரும்.

சாப்பர்களின் வேலை பாதை போடுவது, பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, தண்ணீருக்கு வழி செய்வது. மண்ணோடு பழகிய கைகளுக்கு அங்கே மதிப்பு இருந்தது. மெசபடோமியாவில் 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தபோது மெட்ராஸ் சாப்பர்கள் முன்னால் நின்றார்கள். அடுத்த மாதம் 11-ம் தேதி பாக்தாத் பிரிட்டிஷார் கைக்குப் போனது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் கரையில் நின்றாரா என்பது அவருடைய கம்பெனி எண் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். அதுவரை அந்தப் பெருமையை அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

போர்முனையிலேயே இறந்தவர்களின் வழி வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கியவர்கள், சிப்பாய்களைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நிறுத்தினார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று ஆணையம் 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமே அவர்களில் பெரும்பாலோர். ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உங்கள் வீட்டுக் கதை பொய் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

இனி நிலத்துக்கு வருவோம். இன்றைய சிட்டாவில் தொடங்குங்கள். அதிலுள்ள சர்வே எண், யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பின் காலத்தில் மாறியிருக்கக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் பழைய எண்ணைப் பாருங்கள். அந்தப் பழைய எண்ணைக் கொண்டு டைகுலாட் என்று எல்லோரும் சொல்லும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போங்கள். பட்டாதாரர் பெயர், நஞ்சையா புஞ்சையா, எத்தனை ஏக்கர், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் குறிப்பிட்ட ஒரு வருஷத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, பழைய புத்தகங்களைப் புரட்டச் சொல்ல வேண்டும்.

அங்கேதான் அவர் ஏன் போனார் என்பது தெரியவரும். போர் தொடங்கியபோது ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். மழையை நம்பிய விவசாயிக்கு, மாதம் தவறாமல் வரும் காசு எதுவும் அதுவரை கிடையாது. 1914-க்கு முன்னால் ஒரு அடமானப் பத்திரம், 1919-க்குப் பின்னால் அதை மீட்ட ரசீதோ ஒரு கிரயப் பத்திரமோ கிடைத்தால், அவர் எதற்காகக் கப்பல் ஏறினார் என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர்களின் பத்திரங்களையும் பாருங்கள். செக்குபந்தியில் அவர் பெயர் எல்லையாக நிற்கும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அவர் இல்லாத காலத்தில் வரி கட்டியவர், விதைத்தவர், கடன்காரனுக்குப் பதில் சொன்னவர் உங்கள் கொள்ளுப்பாட்டி. ராணுவத் தாளில் அவருக்கு இடமில்லை. நிலத் தாளில் ஒரு கைநாட்டாவது இருக்கலாம்.

நிலமே இல்லாத குடும்பங்களிலிருந்தும், குறிப்பாக ஆதிதிராவிடர் சேரிகளிலிருந்தும், சாப்பர்ஸிலும் பயனியர் படைகளிலும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் அ-பதிவேட்டில் நிபந்தனைப் பட்டாவாகக் கொடுத்த நிலங்களையும் தேட வேண்டும்.

கடைசியாக, சாவு. ஆயா சொன்ன ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "தாது வருஷம், மாசி மாசம், தேய்பிறை." திதி கொடுப்பதற்காக உங்கள் வீட்டுப் பெண்கள் காப்பாற்றி வைத்த தேதி அது. தாது வருஷம் 1936 ஏப்ரலில் தொடங்கி 1937 ஏப்ரலில் முடிந்தது. அந்த மாசியின் தேய்பிறை பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரை. உங்கள் தேடல் பதினைந்து நாளுக்குள் வந்துவிட்டது. கிராம முன்சீப் எழுதிய அந்த வருஷத்து இறப்புப் பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

அதில் காரணம் என்றொரு பகுதி இருக்கும். காலரா, அம்மை, பிளேக், ஜுரம், பேதி, காயம் என்று சில வகைகள்தான். பாம்புக்கடியும் விபத்தும் "காயம்" என்ற வகையில்தான் சேரும். ஆயா சொல்வது உண்மையா என்று அங்கே ஓரளவு தெரியலாம். "ஜுரம்" என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். எழுதியவர் வைத்தியர் இல்லை, பெயர் தெரியாத எல்லா நோயும் அந்தச் சொல்லுக்குள் போயிற்று. மெசபடோமியாவில் மலேரியா பிடித்துத் திரும்பியவர்கள் ஏராளம். பெரியப்பா சொல்லும் "காயம்" அப்படி உடம்புக்குள் வந்த ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் பதிவேடு அவ்வளவு தூரம் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்ல வேண்டாம்.

அதே அலுவலகத்தில் 1918 ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்களையும் புரட்டுங்கள். இன்ஃப்ளுயன்சா என்ற விஷ ஜுரம் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன மாதங்கள் அவை. போரில் உயிர் தப்பியவர் வீடு திரும்பியபோது தாயோ தகப்பனோ பிள்ளையோ இல்லாமல் போயிருக்கக்கூடும். அது தெரிந்தால், போரைப் பற்றி அவர் ஏன் வாயே திறக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு நோட்டில் வருஷ வாரியாக எழுதுங்கள். இடப்பக்கம் பட்டாளம், வலப்பக்கம் நிலம். தெரியாத வருஷத்தை வெற்றாகவே விடுங்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர் என்று கூச்சப்படவும் வேண்டாம், இல்லாத வீரச் செயலைச் சேர்க்கவும் வேண்டாம். கடனையும் வானத்தையும் பார்த்து ஒரு முடிவெடுத்து, அதன் பாரத்தைக் கடைசி வரை சுமந்தவர் அவர். உள்ளபடி எழுதினால் அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

பழைய சர்வே எண் கைக்கு வந்ததும் எழுதுங்கள். டைகுலாட்டின் ஒவ்வொரு பத்தியையும் எப்படிப் படிப்பது என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்