அம்மாவின் ஆறு புடவைகளும் ஒரு பழைய தையல் சட்டமும்



நம் ஊர் வீடுகளில் பழைய நூல் புடவைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குழந்தைக்குத் தூளி. பிறகு பாயின் மேல் விரிப்பு. கடைசியில் அடுப்படியில் கரித்துணி. இங்கே மகாராஷ்டிரத்தில் அதே புடவை வேறு வழியில் போகிறது. நாலைந்து பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, நடுவில் கொண்டுபோய் முடிப்பார்கள். இதற்குக் கோதடி என்று பெயர். சில பகுதிகளில் வாகள் என்றும் சொல்வதுண்டு. வங்காளத்தின் காந்தாவும், வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இதன் உறவுக்காரர்களே.

ஹிஞ்சேவாடிக்குக் குடிவந்து பல ஆண்டுகளாகியும் நான் கோதடியைப் போர்த்திக்கொண்டேனே தவிர, தைக்க நினைத்ததில்லை. அம்மா காலமான பிறகு திண்டுக்கல் வீட்டுப் பெட்டியில் ஆறு நூல் புடவைகள் இருந்தன. அண்ணன், தங்கை, நான் என்று மூன்று பேர். ஆளுக்கு இரண்டு என்று பிரிக்கலாம். ஆனால் அந்தச் சிவப்புச் சின்னாளப்பட்டிச் சுங்குடி யாருக்கு என்று கேட்க மூவருக்குமே வாய் வரவில்லை.

அப்போது கணக்கு ஒன்று தோன்றியது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 18 அடி. 5 அடி 9 அங்குலமாக வெட்டினால் மூன்று துண்டுகளும் 9 அங்குலம் மிச்சமும் கிடைக்கும். ஆறு புடவைக்குப் பதினெட்டுத் துண்டுகள். ஒவ்வொரு புடவையிலும் ஒரு துண்டு என்று ஆறு அடுக்கு வைத்தால் மூன்று போர்வைகள். மூன்று பேர் வீட்டிலும் ஆறு புடவைகளும் இருக்கும்.

கையால் தைக்க எனக்குப் பொறுமை போதாது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்து எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு குடும்பம் மறுபடி ஊர் மாறியது. அவர்கள் கொண்டுவந்திருந்த, போர்வை தைக்கும் சட்டத்தையும் அதனுடன் இருந்த நேர்த்தையல் மிஷினையும் விற்பதாகச் சொன்னார்கள். வாங்கினேன். நான் பட்ட பாடு மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சட்டம் என்பது என்ன?

சாதாரணத் தையலில் மிஷின் நிற்கும், துணி நகரும். இதில் துணி நிற்கும், மிஷின் நகரும். நீளவாட்டில் உருளைகள் உண்டு. அவற்றில் துணி சுற்றப்பட்டிருக்கும். நடுவே தண்டவாளத்தின் மேல் சிறு சக்கரங்கள் உள்ள ஒரு வண்டி. அதன்மேல் மிஷின். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிஷினை முன்னும் பின்னும், இடமும் வலமும் ஓட்டலாம். காகிதத்தில் பேனா ஓடுவதுபோல் துணியின்மேல் ஊசி ஓடும்.

பெரிய கட்டில் போர்வைக்கான சட்டம் 10 அடி நீளம் வரை இருக்கும். அதை நம் இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்தால் மனிதர்கள் பால்கனியில்தான் படுக்க வேண்டும். எங்கள் சட்டத்தை 5 அடியாகச் சுருக்கியும் பொருத்தலாம். புடவையின் அகலம் 46 அங்குலம்தானே? 5 அடி தாராளம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உருளையைக் கழற்றித் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்திப் போகும். அதை நிமிர்த்துவது கடினம். வண்டிச் சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். ஒரே இடத்தில் நெடுநாள் நின்ற சக்கரம் தட்டையாகியிருக்கலாம். உருளையைப் பிடித்து நிறுத்தும் பற்சக்கரத்தின் பற்கள் தேயாமல் இருக்க வேண்டும். மிஷினை நூல் கோத்துத் தைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு மூட்டிலும் காகித டேப் ஒட்டி எண் போட்டு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எண் போட்டேன், படம் எடுக்கவில்லை. ‘4’ என்று எழுதிய இரண்டு துண்டுகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க மிஷின்கள் பெரும்பாலும் 110 – 120 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். மிஷினில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்து, வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். மிஷின் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக இருக்கட்டும்.

போல்ட்டிலும் இதே கதை. நம் கடைகளில் கிடைப்பது 6 மில்லிமீட்டர். எங்கள் சட்டத்தில் இருந்தது கால் அங்குலம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் மரை வேறு. பலவந்தமாக முறுக்கினால் நட்டு பாழ். தொலைந்த இரண்டு போல்ட்டுகளுக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு ரவிவார் பேட்டையில் போஹரி ஆளி வரை போனேன்.

நிறுத்துதல்

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இதற்கு மிக அவசியம். அடுக்குமாடி வீடுகளில் பால்கனிப் பக்கம் தரை சற்றுச் சரிந்திருப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். மிஷினை நடுவில் வைத்துக் கையை எடுங்கள். அது தானாக ஒரு பக்கம் ஓடினால் மட்டம் சரியில்லை. கால்களில் உள்ள திருகால் சரிசெய்யுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் செவ்வகமாக இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் போர்வை கோணிக்கொள்ளும்.

துணி ஏற்றுதல்

புடவைகளை முதலில் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அடித்துணியின் நான்கு புறமும் 4 அங்குலக் கழிவுத் துணியைத் தைத்துச் சேருங்கள். உருளையிலும் பக்கத்துக் கிளிப்பிலும் மாட்டுவதற்கு அது வேண்டும். இல்லாவிட்டால் புடவையின் ஓரம் வீணாகும். உருளையில் ஒட்டியிருக்கும் பட்டைத் துணியின் நடுவையும் அடித்துணியின் நடுவையும் பென்சிலால் குறித்து, நடுவிலிருந்து இரு பக்கமும் குண்டூசி குத்திக்கொண்டு போங்கள்.

அடித்துணியை மட்டும் முன் உருளைக்கும் பின் உருளைக்கும் இடையே கட்டினால் போதும். மற்ற ஐந்து அடுக்குகளையும் அதன்மேல் விரித்து, பின் ஓரத்தில் ஒரு நேர்த்தையல் போட்டுப் பிடித்துவிட்டு, மீதியை முன்பக்கம் தொங்கவிடலாம்.

தைத்தல்

துணியைத் தள்ளும் பற்களைக் கீழே இறக்கிவிடுங்கள். தையலின் நீளத்தை இப்போது உங்கள் கைதான் தீர்மானிக்கும். கை வேகமாகப் போய் மிஷின் மெதுவாக ஓடினால் தையல் நீளும். மிஷின் பறந்து கை தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவியும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வந்தால் நன்று. 14 எண் ஊசி, ஒவ்வொரு போர்வைக்கும் புதியது. பாபின் இருக்கும் இடத்தில் சேரும் பஞ்சுத்தூசியைப் பாபின் மாற்றும்போதெல்லாம் துடையுங்கள்.

முதலில் ஓரத்துக் கழிவுத் துணியில் தைத்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே முத்துக் கோத்ததுபோல் இருக்கும் தையல், அடியில் குருவிக்கூடாக இருக்கலாம். அடியில் நூல் தொளதொளத்தால் குறை பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். திரும்பக் கோத்துப் பாருங்கள், பிறகு டென்ஷனைத் திருகுங்கள்.

எங்கள் மிஷினின் கைக்கு உள்ளே இடைவெளி சுமார் எட்டரை அங்குலம். தைத்த பகுதி அதற்குள்தான் சுருண்டுகொள்ளும். சுருள் பருக்கப் பருக்க இடம் குறைந்து, கடைசியில் 5 அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே பெரிய பூ வேலையெல்லாம் நினைக்காமல் நேர்க்கோடோ சிறு அலையோ போடுங்கள். 5 அங்குலமாகத் தைத்துச் சுற்றினால் ஒரு போர்வைக்குப் பதினான்கு முறை உருட்ட வேண்டியிருக்கும்.

நான் செய்த தவறு

பழைய படுக்கை விரிப்பு இரண்டை வைத்து ஒரு வாரம் பழகிய பிறகுதான் அம்மாவின் புடவையில் கத்தரிக்கோல் வைத்தேன். உடம்பில் படுவது சுங்குடியாக இருக்கட்டும் என்று அதையே அடித்துணியாக ஏற்றினேன். நேராக நிற்க வேண்டுமே என்று, தவிலுக்கு வார் பிடிப்பதுபோல் பற்சக்கரத்தை முறுக்கினேன். நாலாவது வரிசையில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. குனிந்து பார்த்தால் ஊசித் துளைகளை ஒட்டி இரண்டு விரல் நீளத்துக்குச் சுங்குடி கிழிந்திருந்தது.

மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புடவை இனிக் கடையில் கிடைக்காது.

மூன்றாம் மாடி ஆஜி பக்கத்து மாண் கிராமத்தில் வாழ்ந்தவர். எத்தனை கோதடி தைத்தார் என்ற கணக்கு அவருக்கே தெரியாது. கூப்பிட்டேன். வந்தார். மிஷினைப் பார்க்கவில்லை. துணியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். “பாளா, தாணூ நகோ” என்றார். குழந்தாய், இழுக்காதே என்று பொருள்.

காரணம் பிறகு புரிந்தது. சட்டத்தின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அடித்துணி ஒன்றே. மற்ற அடுக்குகள் சும்மா கிடக்கின்றன. நாற்பது வருடம் துவைத்த நூலுக்கு அந்த இழுப்பைத் தாங்கச் சக்தி கிடையாது. துணி விறைத்திருந்தால் ஓடும் ஊசியும் வளையும், மேல்நூலும் அடிநூலும் சரியாகப் பின்னிக்கொள்ளாது. ரொம்பத் தளர்ந்தாலும் துணி ஊசியோடு சேர்ந்து குதிக்கும், அதுவும் ஆகாது. சரியான பதத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரு கையின் விரலை அடியிலிருந்து மேலே குத்துங்கள். அந்த விரல் நுனியை மேலிருந்து மறு கையால் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு பல் தளர்த்துங்கள்.

ஆஜி சொன்னபடி, மிச்சமிருந்த 9 அங்குலத் துண்டிலிருந்து ஓர் ஒட்டு வெட்டி, கிழிசலின்மேல் வைத்து, அவர் கையாலேயே தைத்துக் கொடுத்தார். என் முழுத் தையலிலும் அந்த ஓர் இடம்தான் நேராக இருக்கிறது.

அடுத்த இரண்டு போர்வைகளுக்கும் அம்மாவின் தடித்த நீலக் கட்டம் போட்ட புடவையை அடியில் வைத்து, சுங்குடியை மேலே விரித்தேன். சட்டத்திலிருந்து எடுத்ததும் கழிவுத் துணியை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, ஒரு முறை தண்ணீரில் அலசினால் போர்வை தயார். மூன்றும் முடிய மூன்று மாதம் பிடித்தது.

நல்ல இரண்டும் அண்ணனுக்கும் தங்கைக்கும் போயின. தங்கை கனடாவிலிருந்து போன் செய்து, “அக்கா, சுங்குடி மேலே இருக்கு. மத்த நாலும் உள்ளே இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். ஒட்டுப் போட்டது என்னிடம் இருக்கிறது. புனேயின் மார்கழிக் குளிருக்கு அது போதும்.

சட்டம் இப்போதும் எங்கள் கூடத்தில்தான் நிற்கிறது. பெட்டியில் அம்மாவின் புடவையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் சகோதரிகள் நம்மில் பலர் உண்டு. சங்கத்துக் கூட்டத்தில் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை சேர்ந்து ஏற்றலாம். வரும்போது பழகிப் பார்க்க ஒரு பழைய விரிப்பும் கொண்டுவாருங்கள். புடவை இரண்டாம் வாரம்தான்.